உளசமூக ஆலோசனைப் படிப்பு: முடித்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகு

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றின் மனிதவளப் பிரிவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். விடுதிப் பெண்கள் விடுப்புக் கேட்க வந்து, அழுதுவிட்டுப் போவார்கள். அந்த அழுகையை என்ன செய்வதென்று தெரியாமல்தான் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். இப்போது அவிநாசியில் சிறிய அறை ஒன்றில் ஆலோசனை தருகிறேன்.

படித்ததில் இன்றும் கைகொடுப்பது ஒரே ஒரு பயிற்சி. இருபது நிமிட உரையாடலை ஒலிப்பதிவு செய்து, "ம்", "சரிங்க" உட்பட ஒரு சொல் விடாமல் எழுதி வரச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தால் வந்தவரைவிட நான்தான் அதிகம் பேசியிருந்தேன்! அவர் மாமியாரைப் பற்றித் தொடங்கிய இடத்தில் நான் அறிவுரை சொல்லி வாயை அடைத்திருந்தேன். எதிரே இருப்பவரை நிபந்தனையின்றி ஏற்க வேண்டும் என்ற அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் கருத்தைத் தேர்வுக்கு ஒரே இரவில் படித்துவிட்டேன். "நான் சொல்வதைக் கேள் கண்ணு" என்று கேட்டே வளர்ந்த வாய் அடங்க ஓராண்டு பிடித்தது.

களப்பயிற்சிதான் ஏமாற்றம். பதிவேட்டைப் படிக்காமலே கையெழுத்து விழுந்தது. சிலர் பார்க்காத ஆட்களைப் பார்த்ததாக எழுதினார்கள். இப்போது மாதம் ஒருமுறை மூத்த ஆலோசகர் ஒருவருக்குக் கைக்காசைக் கொடுத்து என் வேலையைச் சரிபார்த்துக்கொள்கிறேன்.

உறவினருக்கு ஆலோசனை தரக்கூடாது என்பது பாடம். இங்கே வருகிறவர் உட்காரும் முன்பே "எந்த ஊருங்க, எந்தக் கூட்டம்?" என்று ஊரையும் குலத்தையும் கேட்கிறார். இரண்டு நிமிடத்தில் என் அம்மாயி வழியில் முறை கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர்களை ஈரோட்டில் இருக்கும் தோழியிடம் அனுப்புகிறேன். அவளும் தன் சொந்தக்காரர்களை இங்கே அனுப்புகிறாள்.

சோமனூர் விசைத்தறிக்காரர் ஒருவர் நெஞ்சடைப்பு என்று வந்தார். இசிஜியில் கோளாறு இல்லை. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். நாட்டமின்மை, மனவருத்தம் என்ற முதல் இரண்டுக்கும் "அதெல்லாம் இல்லைங்க" என்றார். தூக்கம், அசதி, பசி என்று வந்ததும் வரிசையாக மூன்று, மூன்று, மூன்று. மொத்தத்தைவிட அந்த வரிசைதான் எனக்குப் பேசியது. இங்கே துக்கம் உடம்பு வழியாகத்தான் வாசலுக்கு வருகிறது. வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை.

இந்தப் பட்டம் யாரையும் மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர் வேலை. நள்ளிரவில் நெருக்கடி என்றால் அழைக்க, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

சேர நினைப்பவர்கள் கட்டணத்தை விசாரிக்கும்போதே, "என் உரையாடல் பதிவை எத்தனை முறை ஓர் ஆசிரியர் உட்கார்ந்து கேட்பார்?" என்றும் கேட்டுவிடுங்கள். எனக்கு அன்று விடுதியில் சாப்பாடு எப்படி என்று கேட்கத்தான் தோன்றியது.