பையன் கண்ணுல லென்ஸ் வச்சு மூணு வருஷம்: லென்ஸ் ஓகே, பேட்ச் தான் எமன்

நேத்து ஒரு ஃப்ரெண்டு போன் பண்ணான், பொண்ணு கண்ணுல பென்சில் குத்தி புரை வந்துருச்சாம், லென்ஸ் வச்சா சரியாயிடுமாடான்னு கேட்டான். அவனுக்குச் சொன்னத இங்கயும் போடுறேன்.

என் பையனுக்கு ஆறு வயசுல வெளக்குமாத்துக் குச்சி அம்பு கண்ணுல குத்திருச்சு. மொதல்ல கிழிஞ்ச கருவிழிக்குத் தையல், கொஞ்ச நாள் கழிச்சு மயக்கம் குடுத்து புரைய எடுத்து கண்ணுக்குள்ளயே செயற்கை லென்ஸ் வச்சாங்க. சின்னப் பசங்களுக்கு லென்ஸுக்குப் பின்னாடி இருக்குற சவ்வு சீக்கிரம் மங்கிடும்னு அதுலயும் அப்பவே ஓட்டை போட்டு விட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அந்த மங்கல எடுக்க லேசர் தேவைப்படல. லென்ஸ்ல ஒரு குறை சொல்ல முடியாது. இந்த ஐடியாவே அடிபட்ட கண்ணுல இருந்து வந்தது தானாம், ரெண்டாம் உலகப் போர்ல பைலட்டுங்க கண்ணுல தெறிச்ச காக்பிட் பிளாஸ்டிக் துண்டு உள்ளயே கம்முனு கெடக்குறதப் பாத்துட்டுத் தான் ரிட்லிங்கிற லண்டன் டாக்டர் 1949ல மொத லென்ஸ வச்சாரு.

ஆனா லென்ஸ் வச்சா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, அங்க தான் ஆரம்பமே. அடிபட்ட கண்ண மூளை கண்டுக்காம விட்டுரும், சோம்பேறிக் கண்ணாயிடும், அதனால நல்லா தெரியுற கண்ண தெனமும் சில மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடணும். தெரியாத கண்ண வச்சிட்டு ஹோம்வொர்க் எழுதுடான்னா எந்தப் புள்ள எழுதும்? வேர்வைல ஓரம் பிரிஞ்சு வரும், அந்த சந்து வழியா தலையச் சாய்ச்சு டிவி பாப்பான், பிச்சா புருவ முடியும் சேந்து வரும், கன்னமெல்லாம் செவப்பு. வீட்ல தெனம் சாயங்காலம் சண்டை.

அப்புறம் கண்ணாடி. வச்ச லென்ஸ் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறிக்காது, அதனால நடுவுல கோடு போட்ட பைஃபோகல், கிளாஸ்ல தாத்தான்னு கூப்புடுறாங்களாம். உடையாத பாலிகார்பனேட்டே வாங்குங்க, நல்லா இருக்குற இன்னொரு கண்ணுக்கும் அது தான் காவல். கண்ணுக்குள்ள இருக்குற பிரஷர் செக்கப்பும் விடக்கூடாது, அடிபட்ட கண்ணுல எத்தன வருஷம் கழிச்சும் ஏறலாமாம்.

பார்வை 6/60ல (மத்தவங்க 60 மீட்டர்ல படிக்கிறத 6 மீட்டர்ல தான் படிக்க முடியும்) இருந்தவன் இப்ப 6/12 படிக்கிறான், அது லென்ஸும் அந்தப் பாழாப்போன பேட்ச்சும் சேந்து பண்ணது தான், ஒத்துக்குறேன். ஆனா இன்னிக்கு காலைல பேட்ச பிச்சு நாய் நெத்தில ஒட்டி விட்டுட்டான், அதனால மொத்தத்துக்கும் ரெண்டு ஸ்டார் தான். ஃப்ரெண்டுகிட்ட என்னவோ ஆபரேஷன் தேதிய தள்ளிப் போடாதன்னு தான் சொன்னேன், அது வேற கணக்கு.