பிகோ-8ஆ, கோடோவா? 48 மணி நேர ஜாமுக்கு எது கைகொடுக்கும்

ஜாம் என்பது குறித்த நேரத்துக்குள் கணினி ஆட்டம் செய்து முடிக்கும் போட்டி. லூடம் டேர் என்ற ஜாமின் காம்போ பிரிவு கறாரானது. ஆள் ஒருவர், நேரம் 48 மணி. படம், ஒலி எல்லாம் அந்த நேரத்துக்குள் தானே செய்ததாக இருக்க வேண்டும், சோர்ஸ் கோடையும் கொடுத்துவிட வேண்டும். (குழுவாக வருபவர்களுக்கு 72 மணி நேரப் பிரிவு தனியே உண்டு.) தூக்கம், சாப்பாடு போக உருப்படியாக 28 மணி நேரம் மிஞ்சினால் பெரிய விஷயம். அதிலும் கடைசி மூன்று மணி நேரத்தை பில்ட் எடுப்பதும் (ஆட்டத்தை ஓடக்கூடிய வடிவில் தொகுப்பது) தளத்தில் ஏற்றுவதும் தின்றுவிடும். அதனால் பிகோ-8, கோடோ என்ற இரண்டு எஞ்சின்களில் (ஆட்டம் செய்ய உதவும் மென்பொருள்) எது பெரியது என்று அடித்துக்கொள்வதில் பயனில்லை. எது நமக்காக எத்தனை முடிவுகளை முன்பே எடுத்து வைத்திருக்கிறது, எது கடைசி இரவில் காலை வாரும் என்று பார்த்தால் போதும்.

பிகோ-8 ஏறக்குறைய எல்லா முடிவையும் எடுத்து வைத்திருக்கிறது. திரை 128க்கு 128 பிக்சல், நிறம் 16, ஸ்பிரைட் (ஆட்டத்தில் வரும் சிறு படம்) 8க்கு 8, ஒலி நான்கு சேனல், நிரல் மொழி லுவா. ஸ்பிரைட் வரைவது, மேப் (ஆட்டக் களம்) போடுவது, ஒலி செய்வது, நிரல் எழுதுவது எல்லாம் ஒரே ஜன்னலுக்குள். விலை 15 டாலர் அளவில். உலாவியில் ஓடும் கல்விப் பதிப்பு இலவசம். நிரல் 8192 டோக்கனைத் (சொல், எண், குறி போன்ற துண்டு) தாண்டக் கூடாது என்ற வரம்பைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுகிறார்கள். இரண்டு நாளில் தனி ஆளாக அதைத் தொடுவது அபூர்வம். முதலில் இடிப்பது மேப்தான். 128க்கு 32 டைல் (ஒரு ஸ்பிரைட் அளவுள்ள சதுரம்) கொண்ட பகுதி முழுசாக மேப்புக்கே சொந்தம். ஒரு திரைக்கு 16க்கு 16 டைல் என்றால் 16 அறைகள். அதற்குமேல் வேண்டுமென்றால் கீழ்ப்பாதி மேப்பை எடுக்கலாம், ஆனால் அது 256 ஸ்பிரைட்டில் பிற்பாதி 128 இருக்கும் அதே நினைவிடம். ஒன்றில் வரைந்தால் மற்றதில் குப்பை தெரியும். பாதி ராத்திரியில் மேப் தானாக அழிகிறதே என்று திகைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கோடோ இலவசம், திறந்த மூலம், வரம்பு என்று எதுவும் இல்லை. வரம்பு இல்லாததால் முதல் ஒரு மணி நேரம் வரம்பு போடுவதிலேயே கழியும். புது புராஜெக்டின் திரை அளவு 1152க்கு 648. பிக்சல் ஓவியம் என்றால் அதை 320க்கு 180 ஆக்கி, ஜன்னல் அளவை 1280க்கு 720 என்று தனியே கொடுத்து, படத்தைப் பெரிதாக்கும் விதத்தைச் சொல்லும் டெக்ஸ்சர் ஃபில்டரை லீனியரிலிருந்து நியரெஸ்டுக்கு மாற்ற வேண்டும். கடைசியதை மறந்தால் வரைந்ததெல்லாம் ஈரத்துணியால் துடைத்த கோலம்போலத் தெரியும். ஒலி செய்ய உள்ளே கருவி கிடையாது, பிஎஃப்எக்ஸ்ஆர் மாதிரி ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வித்தியாசம் கைக்குப் புரிவது குதிக்கும்போது. கோடோவில் ஆடும் பாத்திரத்துக்கான கேரக்டர்பாடி2டிக்குக் கிடைக்கும் ஆயத்த ஸ்கிரிப்டில் வேகம் 300, குதிப்பு மைனஸ் 400 என்று இருக்கும். ஈர்ப்பு 980. வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பின் இருமடங்கால் வகுத்தால் உயரம் வரும்: சுமார் 82 பிக்சல். 180 பிக்சல் திரையில் அது கிட்டத்தட்ட பாதி. ஓட்டமும் அப்படித்தான், முழுத் திரையையும் ஒரு நொடி சொச்சத்தில் தாண்டிவிடும். 16 பிக்சல் டைலில் இரண்டரை டைல் உயரம் போதுமென்றால் 40 பிக்சல், அதற்குக் குதிப்பு மைனஸ் 280. ஓட்டத்தை 100 பக்கம் கொண்டுவாருங்கள். எண்ணை முதலில் முடிவு செய்யாமல் லெவல் வரைந்தால் சனி இரவு எல்லா மேடையையும் திரும்ப நகர்த்த வேண்டிவரும்.

பிகோ-8இல் இந்த ஆயத்தமும் இல்லை, இயற்பியலை நாமே எழுத வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேம், ஈர்ப்பு 0.3, குதிப்பு மைனஸ் 3 என்று வைத்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் முதலில் நகர்த்திவிட்டுப் பிறகு ஈர்ப்பைக் கூட்டினால் உயரம் 16.5 பிக்சல். ஈர்ப்பைக் கூட்டிவிட்டு நகர்த்தினால் 13.5. இரண்டு டைல் சுவர் 16 பிக்சல். ஆக இரண்டு வரிகளை இடம் மாற்றினாலே, நேற்று ஏறிய சுவரில் இன்று ஏற முடியாது. சுவர் இருக்கிறதா என்று பார்க்க எம்கெட் என்ற கட்டளையில் அந்த இடத்து டைல் எண்ணை எடுத்து, எஃப்கெட் கட்டளையில் அதன் கொடியை (அது சுவரா என்று குறித்து வைத்த அடையாளம்) பார்ப்பார்கள். பாத்திரத்தின் ஒரு மூலையை மட்டும் சோதித்தால் இன்னொரு தோள் சுவருக்குள் புகுந்துவிடும். நான்கு மூலையையும் சோதியுங்கள்.

ஏற்றும் கட்டத்துக்கு வருவோம். ஆட்டம் உலாவியில் ஓடியாக வேண்டும். முன்பின் தெரியாதவரின் இஎக்ஸ்இ கோப்பை இறக்கி ஓட்ட யாருக்கும் மனம் வராது. லூடம் டேரிலோ தரவரிசையில் இடம்பெறவே சுமார் 20 பேரின் மதிப்பெண் வேண்டும். பிகோ-8இல் உலாவிக்கான பில்ட் எடுப்பது ஒரே கட்டளை. கோப்புக்கு இண்டெக்ஸ் என்றே பெயர் கொடுங்கள், ஆட்டங்களை ஏற்றிவைக்கும் இட்ச் தளம் ஜிப்புக்குள் அதைத்தான் தேடும். தொடக்கப் பொத்தானும் கூடவே வருவதால், சொடுக்கும்வரை ஒலியை அனுமதிக்காத உலாவித் தொல்லையும் அதோடு தீர்ந்தது.

கோடோவில் கண்ணிவெடிகள் அதிகம். பில்ட் எடுக்கத் தேவையான ஏற்றுமதி டெம்ப்ளேட்டைத் தனியே இறக்க வேண்டும், அது பெரிய கோப்பு. வலைக்கு கம்பாட்டிபிலிட்டி ரெண்டரர் (திரையில் படம் வரையும் பகுதி) மட்டுமே உதவும், கோடோ 4இல் சி ஷார்ப் மொழியில் எழுதியதை வலைக்கு ஏற்றவே முடியாது. 4.3க்கு முந்தைய 4 வரிசைப் பதிப்புகளில் த்ரெட் (பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் முறை) கட்டாயம், அதனால் இட்ச் பக்கத்தில் ஷேர்ட்அரேபஃபர் என்ற பெட்டியை டிக் செய்யாவிட்டால் ஆட்டம் தொடங்காது. 4.3இலிருந்து த்ரெட் இல்லாமலே ஏற்றலாம். பதிலுக்கு, அந்த பில்டில் ஒலி இயல்பாக சாம்பிள் முறையில் (உலாவியே ஒலியை நேரடியாக இயக்கும் விதம்) ஓடுவதால், ஒலிப்பாதையில் சேர்க்கும் எதிரொலி மாதிரியான பஸ் எஃபெக்டுகள் கேட்காது. எடிட்டரில் கேட்டதே என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து விஷயமும் உண்டு: விண்டோஸ் பேதம் பார்க்காமல் திறந்துவிடும், ஏற்றிய பில்ட் திறக்காது. எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தில் வைத்தால் பிரச்சினையே இல்லை. இட்சில் தானாகத் தொடங்கும் பெட்டியை டிக் செய்யாமல் விட்டால் ஒலிச் சிக்கலும் இராது.

தமிழில் எழுத்து காட்ட வேண்டுமென்றால் தராசு அப்படியே கோடோ பக்கம் சாயும். கோடோ 4 உள்ளே எழுத்துகளை முறைப்படி சேர்த்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் இருப்பதால் ‘கொ’, ‘பை’ எல்லாம் சரியாக அமையும். ஆனால் கணினியில் தமிழ் தெரிவதை நம்பாதீர்கள். அங்கே இயங்குதளத்தின் எழுத்துருவை இரவல் வாங்கிக் காட்டுகிறது, வலையில் அந்த இரவல் கிடையாது, கட்டம் கட்டமாகத்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒன்றை புராஜெக்டுக்குள் போட்டு இயல்பு எழுத்துருவாக்குங்கள். திரையை ஜன்னல் அளவுக்கு விரிக்கும் ஸ்ட்ரெட்ச் முறையை கேன்வாஸ் ஐட்டம்ஸ் என்று வைத்தால் எழுத்து ஜன்னலின் முழுத் தெளிவில் வரும். வியூபோர்ட் என்று வைத்தால் ணகரத்தின் சுழிகள் ஒட்டிக்கொண்டு மை கொட்டியதுபோல் ஆகிவிடும். பிகோ-8இல் தமிழ் வேண்டுமானால் சொல்லையே படமாக வரைய வேண்டும். 48க்கு 16 பிக்சலில் ‘தொடங்கு’ வரைந்தால் 12 ஸ்பிரைட் காலி. நான்கு சொல்லுக்கு மேல் தாங்காது.

யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சின் தெரிந்தவர்கள் யூனிட்டியிலேயே செய்யட்டும், ஜாமுக்காக அதைப் புதிதாகக் கற்க வேண்டாம். முதல் வலை பில்ட் பொறுமையைச் சோதிக்கும், அதன் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் புரோவில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வெறும் ஜாவாஸ்கிரிப்டுக்கு உரிய களம் ஜேஎஸ்13கே என்ற ஜாம்: ஒரு மாத அவகாசம், ஜிப் 13,312 பைட்டைத் தாண்டக் கூடாது. அங்கே கோடோவுக்கு வேலையே இல்லை.

ஒரே அறை, ஒரே யோசனை, முதல் ஜாம் என்றால் பிகோ-8. வசனம், மெனு, தமிழ், சுட்டியால் ஆடும் ஆட்டம் என்றால் கோடோ 4.3 அல்லது அதற்குப் பிந்தையது. எதுவானாலும் வெள்ளிக்கிழமை மாலையே, தலைப்பு வருவதற்கு முன், நகரும் ஒரு சதுரத்தையும் ஒரு ‘டிங்’ ஒலியையும் மட்டும் வைத்து பில்ட் எடுத்து இட்சில் வரைவாக ஏற்றிவிடுங்கள். இட்ச் கணக்கில் உள்ளே நுழைந்த நிலையில் அதை இன்னொரு கணினியில் திறந்து, அம்புக்குறியை அழுத்தினால் சதுரம் நகர்கிறதா, இல்லை வலைப்பக்கம்தான் உருள்கிறதா என்று பாருங்கள்.