கராஜ் லைற்றுக்குக் கீழ கறிவேப்பிலை: நாலு விண்டர் அனுபவம்

கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில, எங்கட பேஸ்மென்ற்ல ஷொப் லைற் (கராஜுக்குப் பூட்டுற நீட்டு லைற்) போட்டுக் கறிவேப்பிலை வளர்க்கத் தொடங்கி இது நாலாவது விண்டர். அதுக்கு முந்தின வருசம் மரத்தை ஹோல் ஜன்னலடியில வச்சனான், டிசெம்பரில பகல் எண்டு ஒம்பது மணித்தியாலந்தானே, அதிலயும் பாதி நாள் மப்பு, தைப்பொங்கலுக்கு முதலே இலை முழுக்கக் கொட்டி வெறும் தடிதான் மிஞ்சினது.

முதல் ஒன்லைனில செடி வளர்க்கவெண்டே விக்கிற ஊதா க்ரோ லைற் ஒண்டு எடுத்துப் பாத்தன். அந்த வெளிச்சத்தில இலை பச்சையோ மஞ்சளோ எண்டே தெரியாது, பூச்சி பிடிச்சாலும் தெரியாது, மனிசி கீழ இறங்கவே மாட்டன் எண்டிட்டா. பேந்துதான் கராஜுக்குப் பூட்டுற சாதாரண வெள்ளை எல்இடி ரெண்டு வாங்கினன், நாலடி நீளம், 40 வாட், வெளிச்சம் 4000 லூமென், நிறம் 5000 கெல்வின், பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை. வெள்ளை எல்இடி எண்டது நீல எல்இடிக்கு மேல பொஸ்பர், அதாவது நீலத்தில கொஞ்சத்தை மற்ற நிறமா மாத்துற பூச்சு, பூசினதுதான், செடிக்கு வேண்டின நீலமும் சிவப்பும் அதுக்குள்ளயே கிடக்கு, விலை கூடின க்ரோ லைற் இல்லாமலே இலைச் செடிக்குக் காணும்.

ஆனா தூரம்தான் முக்கியம், நான் பிழை விட்டதும் அதிலதான். சீலிங்கில பூட்டிப்போட்டு மிளகாய்க் கண்டு ஏன் நூல் மாதிரி நீண்டு சாயுது எண்டு முழிச்சுக்கொண்டிருந்தன். சங்கிலியில தொங்கவிட்டு இலைக்கு மேல நாலஞ்சு இஞ்சிக்குக் கொண்டுவந்த பிறகுதான் தண்டு கட்டையாத் திடமா வந்தது. எல்இடி பெரிசாச் சுடாது, கிட்டக் கொண்டு போகலாம், பயமில்லை. கறிவேப்பிலை வேற கதை, எங்கட மரம் நாலடி உயரம், மேல லைற் போட்டா உச்சி மட்டும் துளிர்க்கும், கீழ் இலை எல்லாம் உதிரும். அதால லைற் ரெண்டையும் நிமித்தி மரத்துக்கு ரெண்டு பக்கமும் நட்டமா நிப்பாட்டினன். இந்த ஐடியா முதல் வருசமே வந்திருக்கலாம்.

ரைமர் பின்னேரம் 7 மணியிலயிருந்து விடிய 7 மணி வரை, ஹைட்ரோ, அதான் கரண்ட், அந்த நேரம்தான் மலிவு, ஜன்னல் இல்லாத அறையில மரத்துக்கு இரவென்ன பகலென்ன. 80 வாட் 12 மணித்தியாலம், நாளைக்கு ஒரு யுனிற்றும் வராது. மார்ச்சில கத்தரி, தக்காளி விதை போட்டா மட்டும் 14 மணித்தியாலம் விடுவன். காய்க்கும் எண்டு மட்டும் நினையாதேங்கோ, மிளகாய் ஒருக்காப் பூத்துது, ஒரு பூவும் நிக்கேல்லை.

லைற்றால வராத பிரச்சினை சிலந்திப்பேன். வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸ் ஓடி ஓடிக் காத்து காஞ்சு போக இலைக்கடியில மெல்லிசா வலை கட்டும், மாசத்தில ரெண்டு தரம் ஷவருக்குக் கீழ வச்சு இலையின்ர அடிப்பக்கம் வடிவாக் கழுவோணும். லைற்றுக்குக் கிட்ட வச்சுத் தண்ணி அடிக்காதேங்கோ, அதெல்லாம் ஈரத்துக்குச் செய்த சாமான் இல்லை.

மே லோங் வீக்கென்டுக்கு வெளிய வைக்கேக்க முதல் கிழமை நிழல்தான், நான் ஒருக்கா நேர வெயிலில விட்டு இலையெல்லாம் வெள்ளையா எரிஞ்சு போச்சு. மூண்டாவது விண்டரில ஒரு லைற், உள்ளுக்க கரண்டை மாத்திக் குடுக்கிற ட்ரைவர் பழுதாப் போய், செத்துது, வாறண்டி முடிஞ்சு ரெண்டு மாசம்! மாத்திப்போட்டன். மற்றதும் இப்ப போடேக்க கொஞ்சம் மின்னுது, மே மட்டும் இழுத்தாக் காணும்.