உடனே அடக்கும் மாத்திரையும் மெல்லத் தணிக்கும் மாத்திரையும்: பதற்ற மருந்துகளை எடைபோடுதல்

பதற்றத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அது எந்த மருந்து என்று விசாரிக்காமலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். அது தூக்க மாத்திரை, ஆளை அடிமையாக்கிவிடும் என்கிறார் ஒருவர். ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மற்றொருவர். உண்மையில் ‘பதற்ற மருந்து’ என்ற ஒரே பெயருக்குள், வேலை செய்யும் விதத்திலும் வேகத்திலும் ஆபத்திலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வகைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் பென்சோடயாசெபைன்கள், மூளையின் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளின் வழியே செயல்பட்டு எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மருந்துகள் ஆகிய இரண்டும்தான் பெரும்பாலும் மருந்துச் சீட்டில் இடம்பெறுகின்றன.

டயாசெபாம், அல்பிரசோலாம், லோராசெபாம், குளோனாசெபாம் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. இவ்வகையின் முதல் மருந்து 1960-இலும், டயாசெபாம் 1963-இலும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்பு பயன்பட்ட பார்பிட்யூரேட்டுகள் என்ற பழைய தூக்க மருந்துகளில் அளவு சற்றுக் கூடினாலும் மூச்சு நின்று உயிர் போகும் அபாயம் இருந்ததால், புதிய மருந்துகள் பெரும் நிம்மதியாக வரவேற்கப்பட்டன. மூளையின் பரபரப்பைத் தணிக்கும் இயற்கையான வேதிப்பொருளாகிய ‘காபா’வின் விளைவை இவை வலுப்படுத்துகின்றன. ஆகவே மாத்திரையை விழுங்கிய அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது, தசைகள் தளர்கின்றன. பீதித் தாக்கு வந்து, உயிர் போகப்போகிறது என்றே நம்பித் தவிக்கும் ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரத்தின் அருமை என்ன என்பதை, அதை அனுபவிக்காதவர்கள் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் இந்த வேகத்திலேயே சிக்கலும் இருக்கிறது. தினமும் எடுத்துக்கொண்டால் சில வாரங்களிலேயே உடல் மருந்துக்குப் பழகத் தொடங்குகிறது. பிறகு அதைத் திடீரென நிறுத்தினால், முன்பிருந்ததைவிடக் கடுமையான பதற்றமும் தூக்கமின்மையும் நடுக்கமும், சிலருக்கு வலிப்பும்கூட வரலாம். அவ்வேளையில் நோயாளியும் குடும்பத்தாரும், பழைய நோய் திரும்பிவிட்டது, மருந்து இல்லாமல் முடியாது என்று தவறாகப் புரிந்துகொள்வது வழக்கம். பலர் ஆண்டுக்கணக்கில் மாத்திரையைத் தொடர்வதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-இலேயே, இவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தரவேண்டாம் என்று அறிவுறுத்தியது. துஷ்பிரயோகம், அடிமையாதல், உடல் மருந்தைச் சார்ந்துவிடுதல், நிறுத்தும்போது வரும் விலகல் விளைவுகள் ஆகியவை பற்றிய கடும் எச்சரிக்கையை இவ்வகை மருந்துகள் அனைத்திலும் கட்டமிட்டு அச்சிட வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல் ஆணையிட்டது. மதுவோடோ அபின் வகை வலி நிவாரணிகளோடோ சேரும்போது இவை மூச்சையே அடக்கிவிடக்கூடும். முதியவர்களுக்கு இவற்றால் தள்ளாட்டமும் ஞாபகக் குழப்பமும் வரும். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்தும் உண்டு.

செர்ட்ராலின், எஸ்சிட்டாலோப்ராம் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் இதற்கு நேர் எதிரான இயல்புடையவை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதைவிடச் சோதனையானது, முதல் ஓரிரு வாரங்களில் பதற்றம் சற்றுக் கூடவே செய்யலாம் என்பது. அதனால்தான் பதற்ற நோயாளிகளுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துகிறார்கள். இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லாத மருத்துவர், நோயாளி நான்காம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுவதற்குத் தாமே வழி செய்கிறார். பொறுத்திருந்தால் கிடைப்பது ஆழமான நிவாரணம்: ஓயாத கவலை குறைகிறது, பீதித் தாக்குகள் அரிதாகின்றன. இங்கே விலையும் இல்லாமலில்லை. குமட்டல் பெரும்பாலும் சில நாட்களில் அகன்றுவிடும்; பாலுறவு நாட்டமும் இன்பமும் குறைவது மருந்து தொடரும்வரை நீடிக்கலாம், பலர் கூச்சத்தால் அதைச் சொல்வதில்லை. முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறையலாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டிலுள்ளோர் கவனிக்க வேண்டும்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளை நிறுத்துவது மட்டும் எளிது என்று சொல்வது நேர்மையாகாது. தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்வு ஆகியவை வரலாம். உடலிலிருந்து விரைவாக வெளியேறும் பராக்செட்டினில் இது அதிகம், நெடுநாள் தங்கும் ஃப்ளூவாக்செட்டினில் குறைவு. ஆயினும் மேன்மேலும் அளவைக் கூட்டத் தூண்டும் ஏக்கத்தை இவை உண்டாக்குவதில்லை என்பது பெரிய வேறுபாடு. இரண்டு வகையையும் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். பென்சோடயாசெபைன் விஷயத்தில் அதற்குப் பல மாதங்கள்கூடத் தேவைப்படலாம்.

மற்ற மருந்துகளுக்குக் குறுகலான பயன்களே உள்ளன. பஸ்பிரோன் பழக்கமாவதில்லை, ஆனால் தாமதமாகவே வேலை செய்யும், பீதித் தாக்குக்கு உதவாது. புரோப்ரனலோல் மேடையேறுபவரின் கைநடுக்கத்தையும் இதயத்துடிப்பையும் அடக்குமே தவிர மனக்கவலையைத் தொடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. ப்ரீகாபலினை ஐரோப்பாவில் பதற்றத்துக்கென அங்கீகரித்திருக்கிறார்கள், எனினும் அதுவும் பழக்கமாகக்கூடியதே.

மாத்திரைக்கு உண்மையான போட்டி, அச்சத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சாலும் பயிற்சியாலும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான். பதற்ற நோய்களில் அது மருந்துக்கு ஈடான பலன் தருகிறது, முடிந்த பிறகும் கற்றது கையில் இருக்கிறது. ஆனால் வாரந்தோறும் அஞ்சும் சூழலை எதிர்கொள்ளும் உழைப்பை அது கேட்கிறது. வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாத நிலையிலிருப்பவரால் அந்த உழைப்பைத் தர முடியாமல் போகலாம், அப்போது மருந்துதான் அவரைச் சிகிச்சையறை வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும். மருந்து வேண்டாம் என்ற முடிவுக்கும் ஆபத்து உண்டு: பதற்றத்தை மதுவால் அடக்கப் பழகியவர்களின் கதி, எந்த மாத்திரையின் பக்கவிளைவையும்விடக் கொடியது.

என் கணிப்பில், நீடித்த பதற்றத்துக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ., பேச்சுவழிச் சிகிச்சை, அல்லது இரண்டும் சேர்ந்ததே முதல் தேர்வு. பென்சோடயாசெபைனுக்கு உரிய இடம், தாங்க முடியாத நெருக்கடி வேளையும், மெல்ல வேலை செய்யும் மருந்து பிடிக்கும்வரையான இடைவெளியும் மட்டுமே. அப்படி எழுதித் தரப்படும்போது, அதை எந்தத் தேதியில் குறைக்கத் தொடங்குவது, யார் மேற்பார்வையில் நிறுத்துவது என்று முதல் சீட்டைக் கையில் வாங்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நெடுநாளாக எடுத்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்த பயத்தில் இன்றே நிறுத்திவிட வேண்டாம்.