மார்செய் கப்பலா, கால்வெஸ்டன் கப்பலா? பிள்ளைகள் கிளப்பை வைத்து ஒரு அலசல்

வரும் மே விடுமுறைக்கு எங்களுக்கு இரண்டு அழைப்புகள். புதுச்சேரியில் பலருக்கும் இருப்பதுபோல எங்களுக்கும் பிரான்சில் சொந்தம் உண்டு. மார்செய்யில் இருக்கும் என் கொழுந்தனார், அங்கிருந்தே எம்.எஸ்.சி. என்ற நிறுவனத்தின் சுற்றுலாக் கப்பலில் ஏறலாம் என்கிறார். அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கும் என் அண்ணனோ பக்கத்தில் உள்ள கால்வெஸ்டன் துறைமுகத்தில் கார்னிவல் என்ற நிறுவனத்தின் கப்பல் ஏறலாம் என்கிறார். விசா, டிக்கெட் எல்லாம் என் கணவர் பார்த்துக்கொள்வார். எனக்கு ஒரே கேள்விதான்: கப்பலில் இருக்கும் நாட்களில் பிள்ளைகள் டேப்லெட் இல்லாமல் எதில் சந்தோஷமாக இருப்பார்கள்? மகளுக்கு 8 வயது, மகனுக்கு 6.

பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தால் பார்த்துக்கொண்டு விளையாட வைக்கும் இடம்தான் பிள்ளைகள் கிளப். இரண்டு கப்பலிலும் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கார்னிவலில் இரவு 10 மணிக்கு மேல் விட்டால் மட்டும் காசு. வித்தியாசம் தொடங்குவது வயதுப் பிரிவில். கார்னிவலில் 2 முதல் 5, 6 முதல் 8, 9 முதல் 11 என்று பிரிக்கிறார்கள். எம்.எஸ்.சி.யில் 3 முதல் 6 ஒரு குழு, 7 முதல் 11 இன்னொரு குழு. அதாவது வரும் மே மாதம் கார்னிவலில் அக்காவும் தம்பியும் ஒரே அறையில் இருப்பார்கள், எம்.எஸ்.சி.யில் ஆளுக்கொரு அறை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், போன வருடம் ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டுக்குப் போனபோது அங்கே சிறுவர் அறையில் தம்பியை மட்டும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள், அவன் யாரோடும் ஒட்டாமல் அழத் தொடங்கியதும் பொறுப்பில் இருந்த பெண் அவன் கையில் ஒரு டேபைக் கொடுத்துவிட்டார், நான் திரும்பி வரும்வரை இரண்டு மணி நேரம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் இங்கே ஜவகர் சிறுவர் இல்லத்துக் கோடை வகுப்பில் அக்கா பக்கத்தில் இருந்தால் களிமண்ணைப் பிசைந்துகொண்டு மணிக்கணக்கில் இருப்பான். துணை இல்லாத பிள்ளைதான் முதலில் திரையைத் தேடுகிறது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சரி, விளையாட்டுகளுக்கு வருவோம். எம்.எஸ்.சி.யின் பலம் லீகோ. அந்த நிறுவனத்தோடு சேர்ந்தே கிளப்பை அமைத்திருக்கிறார்கள். கட்டைகளை அடுக்க மொழி தேவையில்லை, என் மகளுக்கு அது போதும். ஆனால் நாடகம், பாட்டு, குழுப் போட்டி என்று வந்தால் மார்செய்யில் ஏறும் கப்பலில் பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள். மகள் பள்ளியில் படிக்கும் பிரெஞ்சை வைத்துச் சமாளித்துவிடுவாள், தம்பிக்கு 'போன்ழூர்' தாண்டி எதுவும் வராது. கார்னிவலில் கடலை வைத்தே விளையாட்டுகளை அமைத்திருக்கிறார்கள், பேச்சு எல்லாம் ஆங்கிலம், அது இருவருக்கும் வரும்.

கைவேலையா, புதையல் வேட்டையா என்று கேட்டால் முதல் நாள் புதையல் வேட்டைதான் என் தேர்வு. கப்பல் ஆடும்போது குனிந்து மணி கோத்தால் தலை சுற்றும், அதிலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் குமட்டல் சீக்கிரம் வரும். உடம்பு பழகிய பிறகு கைவேலை செய்யட்டும்.

எந்தக் கப்பலானாலும் கிளப்பின் ஒரு மூலையில் வீடியோ கேம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் அன்றைய நிகழ்ச்சி அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஓடியாடும் நேரங்களைக் குறித்து, அந்த நேரத்துக்கு மட்டும் பிள்ளையை விடலாம். அப்புறம், கப்பலில் இணையத்துக்குப் பெரும்பாலும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதைக் கட்டாமல் விட்டாலே அறையில் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

அதனால் வரும் மே மாதத்துக்கு என் ஓட்டு கார்னிவலுக்கு. கொழுந்தனாருக்கு வருத்தம்தான். ஆனால் கிளப்பில் கப்பல் ஏறும்போது உள்ள வயதுதான் கணக்கு. செப்டம்பரில் தம்பிக்கு 7 முடிகிறது, அடுத்த பிப்ரவரியில் அக்காவுக்கு 9. அதற்கடுத்த மே மாதம் இருவரும் ஒன்றாக இருக்க முடிவது எம்.எஸ்.சி.யில்தான், கார்னிவலில் பிரித்துவிடுவார்கள். அப்போது மார்செய் வருகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன், அதற்குள் தம்பிக்குக் கொஞ்சம் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பதாக மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.