ஃபியூஷன் கரண்ட் யார் முதல்ல தருவாங்க? இபி யூனிட்ல போட்டுப் பாத்த கணக்கு

ஓசூர் சிப்காட் பக்கத்துல ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் ஷாப்ல வேலை பாக்கறேன், வேக்கம் சேம்பர், ஃபிளேஞ்ச் மாதிரி ஜாப் அப்பப்போ வரும். போன வாரம் டீ டைம்ல எங்க டிக் வெல்டர் அண்ணன் ஃபோன்ல ஒரு வீடியோவ காட்டி, "தம்பி, சூரியனையே செஞ்சுட்டாங்களாம்ல, அப்ப இனி கரண்ட் கட்டே இருக்காதா?"ன்னு கேட்டாரு. அவர் பாத்தது ஃபியூஷன் பத்தின வீடியோ, அதாவது சூரியன்ல நடக்கற மாதிரி சின்ன அணுக்கள ஒண்ணா சேத்து சக்தி எடுக்கறது. டீ ஆறுறதுக்குள்ள சொல்லி முடிக்கற விஷயம் இல்ல, அதான் இங்க எழுதறேன்.

மெகாஜூல்னா யாருக்கும் புரியாது, அதனால எல்லாத்தையும் இபி மீட்டர் யூனிட்டுக்கு மாத்திக்கறேன், 3.6 மெகாஜூல் ஒரு யூனிட். 2022 டிசம்பர்ல கலிஃபோர்னியா லிவர்மோர் லேப்ல எரிபொருள் வெச்ச டார்கெட் மேல 2.05 மெகாஜூல் லேசர் அடிச்சு 3.15 எடுத்தாங்க, அடிச்ச லேசர விட கூட வந்தது அதான் முதல் தடவ, சாதாரண விஷயம் இல்ல. ஆனா அந்த லேசர அடிக்க லைன்ல இருந்து இழுத்தது 300 மெகாஜூல் கிட்ட, அதாவது 83 யூனிட் உள்ள போச்சு, ஒரு யூனிட் கூட முழுசா வெளிய வரல, வந்ததும் கரண்ட் இல்ல, வெறும் சூடு. அதுக்கப்புறம் அங்கயே இன்னும் கூட எடுத்திருக்காங்க, இருந்தாலும் பவர் பிளாண்ட்டுங்கற பந்தயத்துல லேசர நான் பின்னாடிதான் வைப்பேன்.

இங்கிலாந்துல ஜெட்ங்கற ஃபியூஷன் மெஷின் 2023-ல, மூடறதுக்கு முன்னாடி, 69 மெகாஜூல் குடுத்துச்சு. 19 யூனிட் சூடு. எரிஞ்சது 0.2 மில்லிகிராம்தான்! மேட்டூர்ல வேகன் வேகனா நிலக்கரி கொட்டறத பாத்தவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

சரி, நிஜப் போட்டி பல நாடுகள் சேந்து கட்டற இட்டருக்கும் காமன்வெல்த் ஃபியூஷன்ங்கற அமெரிக்க கம்பெனிக்கும்தான். ரெண்டும் டோகமாக், அதாவது வளையமா ஒரு சேம்பர், உள்ள 10 கோடி டிகிரிக்கு மேல பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் ஆன வாயு, அது சுவத்துல படாம காந்தம் பிடிச்சு வெச்சிருக்கும். இட்டர் ஃபிரான்ஸ்ல இருக்கு, இந்தியா உட்பட 7 பார்ட்னர், 50 மெகாவாட் சூடு குடுத்து 500 எடுக்கறதுதான் குறி. 2025-ல முதல் பிளாஸ்மான்னு சொல்லிட்டு இருந்தாங்க, இப்ப ஆராய்ச்சி ஓட்டமே 2034, நிஜ எரிபொருள் போட்டு ஓட்டறது 2039. அதுலயும் கரண்ட் எடுக்க மாட்டாங்க, அது சோதனை மெஷின்.

ஏன் இவ்ளோ லேட்டுன்னு கேட்டா காரணத்துல பாதி எங்க தொழில்தான். 2022-ல வேக்கம் வெசல் செக்டர்கள, அதாவது அந்த வளைய சேம்பரோட துண்டுகள, வெல்ட் பண்ணி சேக்கற விளிம்புல அளவு தப்பி இருந்தது, சூட்ட தடுக்கற தெர்மல் ஷீல்டோட கூலிங் பைப்புல விரிசல். இத படிச்சப்போ எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, ஏன்னா எங்க ஷாப்ல ஒரு சேம்பர் ஹீலியம் லீக் டெஸ்ட்ல நிக்கவே இல்ல, கண்ணுக்கு தெரியாத ஒரு பின்ஹோல், அண்ணன் அந்த வெல்ட் பீட மட்டும் கிரைண்ட் பண்ணி எடுத்து திரும்ப ஓட்டினாரு, ரெண்டு நாள் போச்சு. எங்க சேம்பர் மேஜை மேல நிக்கும், அங்க மொத்த மெஷினையும் வேக்கத்துல மூடி வெக்கற கிரையோஸ்டாட் கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரம், சுமார் 3,800 டன், அத செஞ்சது குஜராத் ஹசிரால நம்ம எல் அண்ட் டி. இந்த ஒரு விஷயத்துக்காகவே இட்டர வேஸ்ட்னு சொல்றவங்க கூட நான் சண்டைக்கு போவேன், அந்த அளவுல செய்ய நம்ம ஆளுங்க கத்துக்கிட்டது அங்கதான்.

காமன்வெல்த் வேற ரூட்டு. 2021-ல எம்ஐடி கூட சேந்து கரண்ட தடையே இல்லாம கடத்தற புது சூப்பர்கண்டக்டர் டேப்ல 20 டெஸ்லா (காந்தப் புலத்தோட அளவு) காந்தம் செஞ்சு காட்டினாங்க. காந்தப் புலம் ரெண்டு மடங்கானா அதே இடத்துல வர பவர் 16 மடங்கு ஆகும், அதனால மெஷின் சின்னதாகுது, சின்னதானா செலவு, வெல்டிங், தப்பு எல்லாமே குறையுது. ஸ்பார்க்னு சோதனை மெஷின் மாசசூசெட்ஸ்ல எழும்பிட்டு இருக்கு, அடுத்து வர்ஜீனியால 400 மெகாவாட் பிளாண்ட், மேட்டூரோட 210 மெகாவாட் யூனிட் ரெண்டுக்கு கிட்டத்தட்ட சமம். அதுல பாதிய வாங்கிக்கறதா கூகுள் 2025-லயே ஒப்பந்தம் போட்டாச்சு.

ஹீலியான்ங்கற இன்னொரு அமெரிக்க கம்பெனி இன்னும் வேகம், 2028-லயே மைக்ரோசாஃப்ட்டுக்கு 50 மெகாவாட்னு கையெழுத்து போட்டு, தராட்டி பெனால்டிக்கும் ஒத்துக்கிட்டாங்க. டர்பைனே இல்லாம காந்தப் புலத்துல இருந்து நேரா கரண்ட் எடுக்கறது அவங்க ஐடியா, கேக்கவே ஆசையா இருக்கு, ஆனா அவங்க எரிபொருளான ஹீலியம்-3 பூமில ரொம்ப அரிது, அதையும் அவங்களே உண்டாக்கிக்கணும். தேதிய பாத்தா ஹீலியான், ஆதாரத்த பாத்தா காமன்வெல்த். நான் ரெண்டாவது பக்கம்.

கவர்மென்ட் சைடுல அமெரிக்கா 2023-ல எடுத்த முடிவு முக்கியம், ஃபியூஷன அணு உலை மாதிரி இல்லாம துகள்கள வேகமா ஓட்டற ஆக்சிலரேட்டர் மெஷின் மாதிரி லைசென்ஸ் பண்றாங்க, பிரிட்டனும் தனி வழி போட்டு 2040-க்கு நாட்டிங்ஹாம்ஷயர்ல ஒரு பழைய நிலக்கரி பிளாண்ட் இடத்துல ஃபியூஷன் பிளாண்ட் கட்ட திட்டம் போட்டிருக்காங்க. நம்மகிட்ட காந்திநகர்ல பிளாஸ்மா ஆராய்ச்சி இன்ஸ்டிடியூட் இருக்கு, 1989-ல இருந்தே ஆதித்யா டோகமாக் ஓட்டின அனுபவம் இருக்கு, இந்த அனுபவம் லேபுக்குள்ளயே நிக்காம ஓசூர், கோயம்புத்தூர் ஷாப்புகளுக்கும் ஆர்டரா வந்து சேரணும்னு மனசார ஆசைப்படறேன்.

அண்ணன் கேட்ட கரண்ட் கட்டுக்கு இது எதுவும் அஞ்சு வருஷத்துல பதில் இல்ல, அத அவர்கிட்ட நேராவே சொல்லிட்டேன். ஸ்பார்க் 2027-ல ஓடும்ங்கறாங்க, பிளாஸ்மாக்கு குடுத்த சூட விட வெளிய வந்தது கூடவான்னு அன்னைக்கு அவருக்குத்தான் முதல்ல ஃபோன் போடுவேன்.