தார் ஃபோர் பை ஃபோர்: அந்த இரண்டாவது லிவருக்குக் காசு கொடுக்கலாமா?

மஹிந்திரா தார் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நல்ல ரோட்டை விட்டு எவ்வளவு அடிக்கடி கீழே இறங்குவீர்கள்? ஊட்டி, ஈசிஆர், விடுமுறைக்கு ஏலகிரி, அவ்வளவுதான் என்றால் 2023 ஜனவரியில் வந்த பின்சக்கர டிரைவ் தாரே போதும். அதே உருவம், சிக்னலில் திரும்பிப் பார்க்கிறவர்களும் அதே அளவுதான் பார்ப்பார்கள். ஃபோர் பை ஃபோருக்கு, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் மாடலுக்கு, கூடுதலாகக் கொடுக்கிற காசில் டீசல் இன்ஜினும் 1.5 லிட்டரிலிருந்து 2.2 ஆகிறது என்பது உண்மை, ஆனால் முக்கியமாக அது கியர் ராடுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் குட்டி லிவருக்கான காசு. அதை எப்போது தொடுவது, எப்போது தொடாமல் இருப்பது என்று தெரியாவிட்டால் சும்மா கனத்தைச் சுமந்துகொண்டு டீசல் எரிக்கிறோம்.

நான் ஓட்டுவது 2020-இல் வந்த தலைமுறை, 2.2 டீசல், மேனுவல். 130 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர் டார்க், 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ். லிவரில் நாலு இடம் இருக்கிறது: 2 ஹை (பின்சக்கரம் மட்டும் இழுக்கும், சாதாரண வேகம்), 4 ஹை (நாலும் இழுக்கும், சாதாரண வேகம்), நியூட்ரல் (எதுவும் இழுக்காது), 4 லோ (நாலும் இழுக்கும், வேகம் குறைந்து பலம் கூடும்).

வண்டியின் வாழ்நாளில் பெரும்பகுதி 2 ஹையில்தான் போக வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் இதில் அடக்கம், அது எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் நல்ல சாலைதான். மலை என்றாலே 4 ஹை போடுகிற பழக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது, விற்கிறவர்களில் சிலரே "போட்டுக்கங்க சார், கிரிப் நல்லா இருக்கும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். இந்த வண்டியில் முன், பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கர அமைப்பு) கிடையாது. 4 ஹை போட்டதும் முன்னால் போகும் ஷாஃப்டும் பின்னால் போகும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்கின்றன. ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் போகிற தூரம் அதிகம், பின்சக்கரங்கள் உள்பக்கமாகக் குறுக்கே வந்துவிடும். மண்ணிலோ சேற்றிலோ இருந்தால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த சாலையில் வழுக்க இடமில்லை, அதனால் முறுக்கு முழுக்க ஷாஃப்டிலும், இன்ஜின் பலத்தை இரண்டு அச்சுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறுகிறது. ஸ்டீயரிங் கனக்கும், யூ டர்ன் அடித்தால் வண்டி திக்கித் திக்கி நகரும், லிவரைத் திரும்ப 2 ஹைக்குத் தள்ளினால் வராது. வராவிட்டால் பலத்தைக் காட்ட வேண்டாம், நேராக ரிவர்ஸில் கொஞ்ச தூரம் போனால் முறுக்கு இறங்கி லிவர் தானே விடும்.

மழை பெய்தால்? வெறும் ஈரச் சாலைக்கு 2 ஹையே போதும், வேகத்தைக் குறையுங்கள். ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து ரோட்டின் மேல் சேறாகக் கிடக்குமே, அந்த இடத்துக்கு மட்டும் 4 ஹை, தாண்டியதும் திரும்ப 2 ஹை. வண்டி ஓடும்போதே மாற்றலாம், ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும், காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்னொன்று, நாலு சக்கரமும் இழுப்பதால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று அர்த்தமில்லை, நிற்கும்போது எல்லா வண்டியும் ஒன்றுதான்.

4 ஹையின் உண்மையான வீடு மணல். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மண் மாதிரி மாவாக இருக்கும் மணலில் முதலில் செய்ய வேண்டியது லிவரைத் தொடுவதே இல்லை, டயரில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவது. அப்புறம் 4 ஹை, ஒரே சீரான வேகம், நடுவில் நிறுத்தக் கூடாது. 4 லோ போட்டு உறுமிக்கொண்டு போனால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழிதான் தோண்டும். புதைந்து நின்றுவிட்டால் அது வேறு கதை, அப்போது 4 லோவில் இரண்டாவது கியர் போட்டு மெதுவாக நகர்த்திப் பாருங்கள். திரும்பும்போது காற்று அடிக்க ஒரு கம்ப்ரெசரும் கையில் இருக்கட்டும்.

சரி, 4 லோ. என் கணக்கில் கொடுத்த காசு வசூலாவது இங்கேதான், அதுவும் ஏறும்போது இல்லை, இறங்கும்போது. இதில் வேகம் சுமார் இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவு கூடுகிறது (மாருதியின் ஃபோர் பை ஃபோர் ஜிம்னியில் இது இரண்டு மடங்குதான், ஆனால் அது எடை குறைந்த வண்டி). கல்லும் குழியுமான செங்குத்து இறக்கத்தில் முதல் கியர் போட்டு கிளட்ச், பிரேக் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், நடக்கிற வேகத்தில் இறங்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டும் அண்ணன்மார்களின் காலைக் கவனித்துப் பாருங்கள், இறக்கத்தில் பிரேக் மிதியைத் தேவைக்கு மேல் தொடவே மாட்டார்கள். பதற்றத்தில் கிளட்ச்சை மிதித்தால் அந்தப் பிடி மொத்தமும் போய் வண்டி உருள ஆரம்பிக்கும். புதிதாக ஓட்டுபவர்கள் இதை ஒரு சின்ன மேட்டில் பழகிவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும். 4 லோ போட வண்டி நிற்க வேண்டும், கிளட்ச் முழுதாக மிதிபட வேண்டும், லிவரைத் தயங்காமல் ஒரே இழுப்பில் கொண்டுபோக வேண்டும்.

தயங்கினால் நடுவில் நியூட்ரலில் நின்றுவிடும், இது விளையாட்டில்லை. அந்த இடத்தில் இன்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே கிடையாது. மேனுவலில் கியர் போட்டு நிறுத்தினாலும், ஆட்டோமேட்டிக்கில் பார்க்கில் போட்டாலும் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக் மட்டும்தான் காவல். ஃபார்ச்சூனரில் இருப்பது போலத் திருகும் குமிழ் சொகுசுதான், ஆனால் எந்த மோடில் இருக்கிறோம் என்று கைக்கே தெரிகிற இந்த லிவர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நாலு சக்கர இழுவை இருந்தும் தார் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. குறுக்குக் குழியில் எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரம் தூக்கிக்கொண்டால் பலம் முழுக்க அந்தரத்தில் சுற்றுகிற சக்கரத்துக்கே போய்விடும். அதற்குத்தான் பின் அச்சில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்க, தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக்கர். எல்லா வேரியன்டிலும் வராது, வாங்கும்போது கேட்டுவிடுங்கள், அலாய் வீலை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டதும் பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் அது பூட்டாது. சீராக மிதித்துக்கொண்டே இருந்தால் 'டக்' என்று பிடித்து வண்டியை வெளியே தள்ளும். பாறையில் இதைவிட அதிகமாக வேண்டும் என்றால், முன், பின் இரண்டு அச்சுக்கும் கையால் போடும் லாக் உள்ள ஃபோர்ஸ் கூர்க்கா பக்கம் போங்கள், ஆனால் தினமும் ஆபீஸ் போக அதைவிட தார் எவ்வளவோ மேல்.

குறை என்று பார்த்தால், மூன்று கதவு வண்டி, பின் சீட்டுக்கு முன் சீட்டை மடக்கித்தான் ஏற வேண்டும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் யோசியுங்கள். மழையும் காய்ந்த ரோடும் மாறி மாறி வருகிற ஊரில் 4 ஹையைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்ற வசதியும் இல்லை. மிட்சுபிஷி பஜேரோவின் சூப்பர் செலக்ட் என்ற நாலு சக்கர இழுவை அமைப்பில் நடு டிஃபரன்ஷியல் இருந்ததால் அது முடிந்தது, தாரில் முடியாது.

வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: காட்டுப் பக்கம் போகாவிட்டாலும் மாதம் ஒரு தடவை மண் தரையில் 4 ஹை, 4 லோ இரண்டையும் போட்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிடுங்கள், உள்ளே எண்ணெய் பரவும், லிவரும் இறுகாது. ஆழமான தண்ணீரில் இறங்கி வந்திருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு அச்சு, மூன்றின் எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள், பால் கலரில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.